மெட்ரோ 2033: தோட்டாவைப் பணமாக்கிய கேம் – ஒரு நிகழ்வு ஆய்வு

அணுப்போருக்குப் பின் மாஸ்கோவின் ரயில் சுரங்கங்களில் நடக்கும் மெட்ரோ 2033 என்ற வீடியோ கேமில் ஒரு துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் கடைக்காரரிடம் தோட்டாக்களை எண்ணிக் கொடுக்க வேண்டும். அங்கே வேறு நாணயம் கிடையாது. போருக்கு முன் ராணுவத் தொழிற்சாலையில் செய்த 5.45 மி.மீ. தோட்டாதான் பணம். சுரங்கத்துப் பட்டறைகளில் பழைய உறைகளை வைத்துச் செய்த அழுக்குத் தோட்டா சுடுவதற்கு, பளபளக்கும் நல்ல தோட்டா கடைக்கு. ஆனால் நல்ல தோட்டாவையும் துப்பாக்கியில் போடலாம். போட்டுச் சுட்டால் அடி பலமாக விழும், சேர்த்த பணமும் அதோடு போகும்.

2010 மார்ச் மாதம் இந்தக் கேம் வந்ததிலிருந்து இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கும் யோசனை. மெட்ரோ 2033, லாஸ்ட் லைட், எக்ஸோடஸ் என்ற மூன்று கேம்களையும் வரிசையாக விளையாடிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தோட்டா செய்ய வேண்டிய வேலையைத் தோட்டா பாதிதான் செய்தது. மீதியைச் செய்தது கேஸ் மாஸ்கில் திருகி மாட்டும் ஃபில்டர். ஏன் அப்படி ஆனது, அடுத்தடுத்த கேம்களில் அது எப்படி மாறியது என்பதுதான் இந்த ஆய்வு.

களம்

கதைப்படி 2013இல் அணுப்போர் நடக்கிறது. மாஸ்கோவில் மெட்ரோ ரயில் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்கள் மட்டும் பிழைக்கிறார்கள். இருபது ஆண்டுகளில் ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு குட்டி நாடாகிவிடுகிறது. ஒரு பாதையில் செங்கொடிக்காரர்கள், இன்னொன்றில் நாஜிகள், வட்டப்பாதையில் வணிகர்களின் ஹான்சா. மேலே காற்றில் விஷம். ஆர்ட்யோம் என்ற இளைஞன், தன் ஸ்டேஷனைத் தாக்கும் டார்க் ஒன்ஸ் என்ற உருவங்களைப் பற்றி எச்சரிக்க, சுரங்கம் சுரங்கமாகக் கடந்து பாலிஸ் என்ற இடத்துக்குப் போகிறான். கதையின் எலும்புக்கூடு அவ்வளவுதான்.

இந்தக் களத்தை நம்ப வைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மாஸ்கோ மெட்ரோவின் முதல் பாதை 1935இல் திறந்தது. 1941இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது நகர மக்கள் உண்மையிலேயே அந்த ஸ்டேஷன்களில்தான் படுத்துக் கிடந்தார்கள். கேமை உருவாக்கிய 4ஏ கேம்ஸ் நிறுவனம் இருந்தது கீவ் நகரில். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது கீவ் மக்கள் தங்கள் மெட்ரோவுக்குள் குழந்தைகளோடும் போர்வைகளோடும் இறங்கினார்கள். அங்குள்ள ஆர்செனல்னா ஸ்டேஷன் 105 மீட்டருக்கு மேல் ஆழம். கற்பனையாக வரைந்த காட்சியை அதை வரைந்தவர்களின் ஊரே வாழ்ந்தது. அடுத்த மெட்ரோ கேமின் கதை இந்தப் போரால் மாறிவிட்டது என்று 4ஏ வெளிப்படையாக அறிவித்தது. மூல நாவலை எழுதிய திமித்ரி குளுகோவ்ஸ்கி ரஷ்யர்; போரை எதிர்த்ததற்காக 2023 ஆகஸ்டில் மாஸ்கோ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே 8 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இந்தத் தொடரை வெறும் பேய்க்கதையாக என்னால் பார்க்க முடியாததற்கு இதுவும் காரணம்.

செய்தவர்கள்

4ஏ கேம்ஸ் 2006 வாக்கில் தொடங்கியது. ஆரம்பித்தவர்கள் புதியவர்கள் அல்ல. ஓலெஸ் ஷிஷ்கொவ்ட்சோவ், அலெக்ஸாண்டர் மக்சிம்சுக் ஆகிய புரோகிராமர்களும் ஆண்ட்ரி புரோகோரோவும் அதே கீவ் நகரின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்டில் ஸ்டாக்கர் கேமில் வேலை பார்த்தவர்கள். செர்னோபில் பகுதியில் நடக்கும் அந்தக் கேம் 2007இல் வெளியாவதற்கு முன்பே விலகி வந்தார்கள். வந்து, தங்களுக்கென்று புதிய இன்ஜின், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள், எழுதினார்கள். வெளிச்சம், புகை, தூசு, டார்ச் ஒளியில் நகரும் நிழல் இதிலெல்லாம் அந்த இன்ஜின் அசாத்தியமானது. மெட்ரோ 2033 பல ஆண்டுகள் கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சோதிக்கும் அளவுகோலாக இருந்தது. அன்றைய கணினிகள் திணறின என்பதும் உண்மை.

ஸ்டாக்கரோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். அங்கே பரந்த வெளி, விரும்பிய பக்கம் போகலாம், வணிகரிடம் பணத்துக்கு விற்கலாம். மெட்ரோவில் பாதை ஒன்றுதான். எந்த இடத்தில் பிளேயரிடம் எவ்வளவு தோட்டா, எத்தனை ஃபில்டர் இருக்கும் என்பதை உருவாக்குபவர்களால் கிட்டத்தட்ட கணிக்க முடியும். பற்றாக்குறையை அளந்து ஊட்ட வேண்டுமென்றால் இந்தக் கட்டுப்பாடு அவசியம். பாதை ஒன்றுதான் என்பதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். என் பார்வையில் அந்தக் குறை இல்லாமல் இந்தக் கேம் இல்லை.

தோட்டா

தோட்டாவைப் பணமாக்கும் யோசனை நாவலிலேயே இருக்கிறது. நாவலில் ஒரு வரி எழுதினால் போதும், வாசகர் நம்பிவிடுவார். கேமில் அதைப் பிளேயரின் கை செய்தாக வேண்டும்.

அணுப்போருக்குப் பிந்தைய உலகில் பணத்துக்கு மாற்று தேடுவது 2010இல் புதிதல்ல. 1997இல் வந்த ஃபால்அவுட் கேமில் சோடா பாட்டில் மூடிகள்தான் நாணயம். ஆனால் மூடியால் வேறு பயன் இல்லை. மெட்ரோவின் தோட்டாவுக்குத் தனியாக ஒரு பயன் இருக்கிறது, அதுவும் உயிர் காக்கும் பயன். பொருளே பணமாகும் இந்த நிலை வரலாற்றில் நடந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் கைதி முகாம்களில் சிகரெட் நாணயமாகப் புழங்கியது. அப்படியொரு முகாமில் கைதியாக இருந்த பொருளியலாளர் ஆர். ஏ. ராட்ஃபோர்டு அதைப் பற்றி 1945இல் எழுதினார். அங்கே கைதிகள் நல்ல சிகரெட்டைத் தாங்களே புகைத்துவிட்டு மட்டமானதைச் சந்தைக்கு அனுப்பினார்களாம். சந்தையில் எல்லா சிகரெட்டுக்கும் ஒரே மதிப்பு என்பதால் நல்லதைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

மெட்ரோவில் இது தலைகீழ். அங்கே மட்டமானதைச் சுடுகிறோம், நல்லதைப் பத்திரப்படுத்துகிறோம். காரணம் எளிது. மெட்ரோவின் கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒரு நல்ல தோட்டாவுக்கு இத்தனை அழுக்குத் தோட்டா என்று மாற்றிக்கொடுக்கும் கடையே இருக்கிறது. எனவே நல்லது புழக்கத்தைவிட்டு ஓடுவதில்லை. பிளேயரின் பையில் தங்குகிறது.

பையில் தங்குவதுதான் பிரச்சினை. உருவாக்கியவர்கள் விரும்பியது, ஒவ்வொரு சண்டையிலும் ஒரு நொடித் தயக்கம்: "இப்போது நல்லதைப் போடலாமா, வேண்டாமா?" நடந்தது வேறு. முதல் ஒரு மணி நேரத்திலேயே பிளேயர் முடிவெடுத்துவிடுகிறார்: நல்லதைத் தொடவே கூடாது. அதற்குப் பிறகு தயக்கம் இல்லை, கணக்கும் இல்லை. சாதாரண நிலையில் விளையாடினால் அழுக்குத் தோட்டாவே போதுமான அளவு கிடைக்கும். கேம் முடியும்போது நல்ல தோட்டாக்கள் குவியலாகக் கையில் நிற்கும். ஒரு பொருளுக்குப் பணம் என்று பெயர் வைத்துவிட்டால் மனிதர்கள் அதைச் சேமிப்பார்கள். அதை எரிக்கச் சொல்ல வேண்டுமென்றால் வேறு வழியே இல்லாத நிலைக்குத் தள்ள வேண்டும். சாதாரண நிலை அந்த அளவு தள்ளவில்லை.

வெளியாகி சில மாதங்களில் ரேஞ்சர் மோட் என்ற கடினமான ஆட்டமுறை வந்தது. அதில் திரையிலிருந்து குறி, தோட்டா எண்ணிக்கை எல்லாம் மறையும். தோட்டா கிடைப்பது அரிது. ஒன்றிரண்டு குண்டு பட்டாலே நீங்களும் சாவீர்கள், எதிரியும் சாவான். நல்ல தோட்டாவைச் சுடும் தேவை இங்கேதான் நிஜமாக வருகிறது. ஆனால் இங்கேயும் ஒரு முரண் கவனிக்க வேண்டியது: அழுக்குத் தோட்டாவே ஆளைக் கொன்றுவிடும் என்றால் நல்லதன் கூடுதல் பலத்துக்கு மதிப்பில்லை. வேறு எதுவும் மிச்சமில்லாதபோது மட்டும்தான் அதைச் சுடுகிறோம். சரி, அதுவாவது ஒரு உண்மையான நெருக்கடி. சுடும்போது கை கனக்கத்தான் செய்கிறது.

மூச்சு

மேலே தெருவுக்குப் போனால் மாஸ்க் மாட்டியாக வேண்டும். ஒவ்வொரு ஃபில்டரும் சில நிமிடம்தான். எவ்வளவு மிச்சம் என்று அறிய இடது மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது கேம் நிற்காது. பின்னால் எது வந்தாலும் வந்துகொண்டுதான் இருக்கும். ஃபில்டர் தீரத் தீர ஆர்ட்யோமின் மூச்சு கனக்கும், கண்ணாடியில் ஆவி படியும். மிருகம் அறைந்தால் கண்ணாடி விரிசல் விடும். விரிசல் முற்றினால் மாஸ்க் உபயோகமில்லை. செத்துக் கிடக்கும் யாரோ ஒருவருடைய மாஸ்கைக் கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது தோட்டாவோடு வைத்துப் பாருங்கள். இடிந்த ஒரு கட்டடம் தெரிகிறது. உள்ளே போய்த் தேடினால் ஃபில்டர் கிடைக்கலாம். தேடும் நேரத்துக்கும் ஃபில்டர் செலவாகும். உள்ளே மிருகம் இருந்தால் கண்ணாடியும் போகலாம். போவதா, நேராக நடப்பதா? இந்தக் கேள்வி ஒவ்வொரு வாசலிலும் புதிதாக எழும். முதல் மணி நேரத்தில் ஒரு கொள்கை வகுத்துக்கொண்டு தப்பிக்க முடியாது. தோட்டாவைச் சுடாமல் சேமிக்கலாம். மூச்சை விடாமல் சேமிக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கேமின் பயம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

இதே தர்க்கத்தை மற்றப் பொருட்களிலும் பரப்பியிருக்கிறார்கள். டார்ச் மங்கினால் துப்பாக்கியை விட்டுவிட்டு, கையால் அழுத்தும் சார்ஜரை எடுத்து அழுத்த வேண்டும். திகார் என்ற காற்றுத் துப்பாக்கிக்கு விட்டுவிட்டுக் காற்றடிக்க வேண்டும், அளவுக்கு மிஞ்சி அடித்தால் கசிந்துவிடும். அடுத்து எங்கே போவது என்று பார்க்க ஒரு அட்டையை எடுத்து, இருட்டாக இருந்தால் லைட்டரைப் பற்றவைத்துப் படிக்க வேண்டும். மறைந்து நடக்கிறோமா, வெளிச்சத்தில் நிற்கிறோமா என்பதைச் சொல்வதும் கடிகாரத்தின் சின்ன விளக்குதான். தகவல் எல்லாம் ஆர்ட்யோமின் உடம்பில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள் விலை. அந்த நொடிகளில் நிராயுதபாணியாக நிற்கிறோம். மறைந்து செல்லும் பகுதிகள் சரியாக வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காவலாளி பார்த்துவிட்டால் ஸ்டேஷனே பார்த்துவிட்டதுபோல எல்லோரும் திரும்புவார்கள்.

நூலகப் பகுதியைச் சொல்லாமல் விட மனமில்லை. மாஸ்கோவின் லெனின் நூலகம், மேலே இருளும் தூசும் படிந்த அறைகள். லைப்ரரியன் என்று பெயர் வைத்திருக்கும் பெரிய உருவங்கள் அங்கே திரிகின்றன. சுட்டால் ஏகப்பட்ட தோட்டா விழுங்கும். அதன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், நெருங்கினால் பார்வையை எடுக்காமல் பின்னால் நகர வேண்டும். கொஞ்ச நேரத்தில் அது சலித்து விலகும். ஒரு ஷூட்டர் கேம் பிளேயரின் கையைத் துப்பாக்கி விசையிலிருந்து எடுக்க வைத்து, வெறுமனே பார்க்கச் சொல்கிறது. இதற்குச் சமமான துணிச்சலை அந்தக் காலத்து ஷூட்டர்களில் நான் அதிகம் பார்த்ததில்லை.

கொடுப்பது

தோட்டாப் பணம் முழு வெற்றி பெற்ற இடம் ஒன்று உண்டு. அதைக் கடையில் தேடக் கூடாது.

ஸ்டேஷன்களில் பிச்சை கேட்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தோட்டா கொடுக்கலாம். சாஷா என்ற சிறுவனைக் காப்பாற்றித் தோளில் சுமந்துவந்து சேர்த்தால் அவனுடைய தாய் நன்றியாகத் தோட்டாக்களை நீட்டுவாள். வாங்கலாம், மறுக்கலாம். கொடுத்தாலோ மறுத்தாலோ திரையில் மெல்லிய வெளிச்சமும் ஒரு ஒலியும் வந்து போகும். எந்த எண்ணும் காட்டாது, எந்த விளக்கமும் தராது. அப்படி வரும் தருணங்களைக் கேம் ரகசியமாகக் கூட்டிவைத்துக்கொள்கிறது. மற்றவர்கள் பேசுவதை நின்று கேட்பது, சரணடைந்தவனைச் சுடாமல் விடுவது போன்றவையும் அதில் சேரும். போதுமான அளவு சேர்ந்திருந்தால்தான், மாஸ்கோவின் ஓஸ்டான்கினோ தொலைக்காட்சிக் கோபுரத்தின் உச்சியில் டார்க் ஒன்ஸ் மீது ஏவுகணை பாய்வதைத் தடுக்கும் வாய்ப்பு கடைசியில் கிடைக்கும். சேரவில்லை என்றால் ஏவுகணை பாயும். வேறு முடிவு ஒன்று இருந்தது என்றே பலருக்குத் தெரியாமல் போகும்.

தன் உயிரைக் காக்கும் பொருளை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கிறோம் என்பதால்தான் இந்தக் கொடை உறைக்கிறது. வெறும் தங்க நாணயமாக இருந்திருந்தால் அந்தத் தாயை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

லாஸ்ட் லைட்

அடுத்த பாகமான மெட்ரோ லாஸ்ட் லைட் தயாராகிக்கொண்டிருக்கும்போதே அதை வெளியிடவிருந்த டிஎச்க்யூ நிறுவனம் 2012 டிசம்பரில் திவால் மனு போட்டது. 2013 ஜனவரி ஏலத்தில் மெட்ரோ உரிமையை கோச் மீடியா சுமார் 59 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர்களுடைய டீப் சில்வர் பெயரில் மே மாதம் கேம் வெளியானது. அந்தச் சமயத்தில் டிஎச்க்யூவின் முன்னாள் தலைவர் ஜேசன் ரூபின், கீவ் அலுவலகத்தின் நிலைமையைப் பகிரங்கமாக எழுதினார். கல்யாண மண்டபத்தில் போடுவதுபோன்ற மடக்கு நாற்காலிகளில் முழங்கை இடிக்க உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், அடிக்கடி மின்சாரம் போனது, குளிர்காலத்தில் சூடேற்றி நின்றதால் கோட்டு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், சுங்கத்தில் பறிபோகும் என்று கருவிகளை ஆள் வைத்துப் பையில் கொண்டுவந்தார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. பெரிய போட்டி கேம்களின் செலவில் பத்தில் ஒரு பங்குதான் இவர்களுக்கு இருந்தது என்றும் எழுதினார். புரோகோரோவ் பதில் எழுதினார்: வசதி குறைவு என்பது உண்மைதான் என்றார், ஆனால் கேமை அதன் தரத்துக்காகவே மதிப்பிட வேண்டும் என்றார்.

அவர் சொன்னது சரி. பற்றாக்குறையில் வேலை செய்தவர்கள் பற்றாக்குறை பற்றிய கேமை எடுத்தார்கள் என்று அழகாகச் சொல்லிவிடலாம், பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வறுமை எந்த வடிவமைப்பையும் தரவில்லை. டிஎச்க்யூ கேட்டதற்காகப் பலர் சேர்ந்து ஆடும் பகுதியை உருவாக்கப் போய், கடைசியில் அதைக் கைவிட்டதில் அந்தச் சின்னக் குழுவின் காலம்தான் வீணானது.

லாஸ்ட் லைட் எல்லா விதத்திலும் மெருகேறியது. மறைந்து செல்வது சரியானது, மாஸ்கின் கண்ணாடியில் தெறிக்கும் ரத்தத்தையும் நீரையும் கையால் துடைக்கலாம். துடைக்கும் அந்தக் கை அசைவு மிகச் சின்னது, ஆனால் மாஸ்க் நம் முகத்தில்தான் இருக்கிறது என்று நம்ப வைப்பது அதுதான். கடிகாரம் மிச்ச நேரத்தை எண்ணில் காட்டத் தொடங்கியது. இங்கேதான் எனக்கு வருத்தம். நிமிடமும் நொடியும் தெரிந்துவிட்டால் மனம் திட்டம் போட ஆரம்பிக்கும். மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் குத்துமதிப்பாகப் பயப்படும் நிலை போய்விடும். தோட்டாவும் ஃபில்டரும் தாராளமாகக் கிடைத்தன. பற்றாக்குறை வேண்டுமென்றால் ரேஞ்சர் மோட் இருந்தது, ஆனால் அதை முன்பதிவுச் சலுகையாக வைத்து, மற்றவர்களுக்குத் தனியாக விற்றார்கள். இப்படித்தான் விளையாட வேண்டும் என்று அவர்களே விளம்பரப்படுத்திய முறைக்குத் தனி விலை வைத்தது தவறு. ரசிகர்களின் கோபம் நியாயமானது.

2014இல் இரண்டு கேம்களையும் புதுப்பித்து ரெடக்ஸ் என்று வெளியிட்டபோது இதைச் சரிசெய்தார்கள். பொருட்கள் அரிதான சர்வைவல், தாராளமான ஸ்பார்ட்டன் என்று இரண்டு பாணிகள். எந்தக் கேமையும் எந்தப் பாணியிலும் ஆடலாம், ரேஞ்சரும் உள்ளேயே உண்டு.

எக்ஸோடஸ்

2019 பிப்ரவரி 15இல் வந்த மெட்ரோ எக்ஸோடஸில் தோட்டாப் பணம் காணாமல் போனது. ஆர்ட்யோமும் தோழர்களும் அரோரா என்ற நீராவி ரயிலில் மாஸ்கோவை விட்டுக் கிழக்கே போகிறார்கள். கடை இல்லை, கடைக்காரர் இல்லை. பதிலுக்கு உலோகத் துண்டு, ரசாயனம் என்று இரண்டே மூலப்பொருள். தோட்டா, ஃபில்டர், மருந்து, துப்பாக்கி சுத்தம் செய்வது எல்லாம் அந்தக் குவியலிலிருந்துதான்.

பிரபலமான ஒரு அம்சத்தைத் தூக்கிவிட்டார்கள் என்று சிலர் குறைபட்டார்கள். நான் இதைத் திருத்தமாகவே பார்க்கிறேன். 2010இல் தோட்டாவுக்கு ஒரு பை, மூச்சுக்கு இன்னொரு பை. இரண்டும் மோதவில்லை. எக்ஸோடஸில் ஒரே பை. கூடுதலாக ஒரு கை தோட்டா செய்தால் அது நாளைய ஃபில்டரிலிருந்து போகிறது. பணம் என்ற பெயரில்லாததால் சேர்த்துவைக்கும் ஆசையும் வருவதில்லை. முதல் கேமில் எதிர்பார்த்த அந்த ஒரு நொடித் தயக்கம் ஒன்பது ஆண்டு கழித்து இப்படித்தான் கைகூடியது.

கைகூடியது என்றாலும் எல்லா இடத்திலும் அல்ல. வோல்கா கரையிலும் காஸ்பியன் பாலையிலும் பெரும்பாலும் மாஸ்க் இல்லாமலே நடக்கலாம். வெளி விரிந்ததும் மூச்சுக்கு விலை இல்லாமல் போய், தேடிச் சேர்ப்பது வாடிக்கையான வேலையாகிவிடுகிறது. அங்கே வேறு அழகுகள் உண்டு, பயம் மட்டும் இல்லை. கடைசியில் நோவோசிபிர்ஸ்க் வருகிறது. மறுபடியும் ஒற்றைப் பாதை, கடும் கதிர்வீச்சு, இடிந்த மெட்ரோ. மாஸ்கைக் கழற்ற முடியாது. நூறு முறை திறந்த பையை அங்கே திறக்கும்போது ஒவ்வொரு துண்டு உலோகத்தையும் எண்ணிப் பார்க்கிறோம்.

இதுவரை விளையாடாதவர்கள் ரெடக்ஸில் முதல் கேமைச் சர்வைவல் பாணியில் தொடங்குவது நல்லது. ரேஞ்சரிலேயே கடினமான ரேஞ்சர் ஹார்ட்கோரை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; முதல் முறையே போனால் கேம் எங்கே என்ன கேட்கிறது என்பதே புரியாமல் சாக வேண்டிவரும். பேச்சை ரஷ்ய மொழிக்கு மாற்றி, வசனத்தைத் திரையில் படித்துக்கொள்ளலாம். ஸ்டேஷன்களில் அவசரப்படாமல் நின்று கேளுங்கள். பிச்சைக்காரரைக் கடந்து போகும்போது பையில் எத்தனை நல்ல தோட்டா இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.